கடிதமும் சேர்ந்திசையும்
சர்வாதிகாரத்தை எதிர்த்த மாணவர்களை நினைப்பது எப்படி?

சர்வாதிகாரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன என்று கேட்டால், பத்திரிகைத் தணிக்கை, ரகசியப் போலீஸ், விசாரணை இல்லாத சிறை என்று வரிசையாகச் சொல்வோம். இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. எல்லாரும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் அது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியில் தேசிய கீதத்தை ஒட்டி நாஜிக் கட்சியின் பாட்டையும் பாடுவது வழக்கமாயிற்று. வலது கையை உயர்த்திக்கொண்டு பாடவேண்டும். பள்ளிக்கூடத்தில் பாட்டு, முகாமில் பாட்டு, அணிவகுப்பில் பாட்டு. வாயைத் திறக்காமல் சும்மா நின்றவன் சந்தேகத்துக்கு ஆளானான்.

அந்த ஆட்சியை எதிர்த்து உயிரைக் கொடுத்த இளைஞர்களைப் போருக்குப் பின் எழுத்தாலும் இசையாலும் நினைவுகூர்ந்தார்கள். அந்த இசையில் சேர்ந்திசைக்குத் தனி இடம் உண்டு. இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. கூட்டத்தோடு சேர்ந்து பாட மறுத்தவர்களை இன்னொரு கூட்டம் சேர்ந்து பாடி நினைப்பது பொருத்தம்தானா? இசை விமரிசகர்கள் மட்டும் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆண்டுவிழா தோறும் மேடையேறிச் சேர்ந்து பாடுகிற நம்மைப் போன்ற சங்கத்தாருக்கும் இதில் பங்கு உண்டு.

மாணவர்கள் எழுதியவை

முதலில் கதைச் சுருக்கம். ம்யூனிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த ஹான்ஸ் ஷோல், அலெக்சாந்தர் ஷ்மோரெல் ஆகிய இருவரும் 1942 ஜூன், ஜூலை மாதங்களில் நான்கு துண்டுப் பிரசுரங்களை எழுதினார்கள். ‘வெள்ளை ரோஜா’வின் பிரசுரங்கள் என்று தலைப்பிட்டார்கள். தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் மாதிரியான ஒரு கைப்பொறியில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நூறு பிரதி எடுத்து, முகவரி தேடிப் படித்தவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஹான்ஸின் தங்கை சோஃபி, நண்பர்கள் கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட், வில்லி கிராஃப் ஆகியோரும், பேராசிரியர் குர்ட் ஹூபரும் இந்தச் சிறு வட்டத்தில் இருந்தார்கள். 1943 ஜனவரியில் வந்த ஐந்தாவது பிரசுரம் ஆயிரக்கணக்கில் அச்சாகிப் பல நகரங்களுக்குப் போனது. ஆறாவது பிரசுரம் ஸ்டாலின்கிராட் தோல்விக்குப் பின் மாணவர்களுக்காக ஹூபர் எழுதியது.

1943 பிப்ரவரி 18 அன்று ஹான்ஸும் சோஃபியும் பல்கலைக்கழகக் கட்டடத்தில் அந்த ஆறாவது பிரசுரத்தை வைத்தபோது அங்கிருந்த காவலாளி பிடித்துக்கொடுத்தார். பிப்ரவரி 22 அன்று விசாரணை. அன்றைக்கே ஹான்ஸ், சோஃபி, ப்ரோப்ஸ்ட் மூவருக்கும் கில்லட்டினில் மரண தண்டனை. சோஃபிக்கு வயது 21, ப்ரோப்ஸ்டுக்கு 23, ஹான்ஸுக்கு 24. ஷ்மோரெலும் ஹூபரும் ஜூலை 13 அன்றும், கிராஃப் அக்டோபர் 12 அன்றும் கொல்லப்பட்டார்கள். இதில் மறக்கக்கூடாத ஒன்று: முதல் மூவர் கொல்லப்பட்ட நாளையொட்டி அதே பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூடினார்கள். எதற்கு? காட்டிக்கொடுத்த காவலாளியைக் காலால் தரையைத் தட்டி ஆரவாரித்து வாழ்த்துவதற்கு. இதுவும் ஒருவகைச் சேர்ந்திசைதான்.

பிரசுரங்களைப் படிப்பவருக்கு முதலில் ஓர் ஆச்சரியம் வரும். இது என்ன, அரசியல் நோட்டீஸா, இலக்கிய வகுப்பா என்று தோன்றும். ஷில்லர், கதே, அரிஸ்டாட்டில், நோவாலிஸ், சீன ஞானி லாவோட்சு, பைபிளின் சபை உரையாளர் என்று மேற்கோள்கள் நிரம்பிக் கிடக்கின்றன. ‘உயிரைப் பணயம் வைத்து அடிக்கிற நோட்டீசில் இத்தனை படிப்பு எதுக்கு?’ என்று கேட்கலாம். நான் அப்படிக் கருதவில்லை. ஒரே ஒரு குரல் மட்டும் ஒலிபெருக்கியில் முழங்கிய நாட்டில் இந்தப் பையன்கள் பல குரல்களைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். சீனக் குரல், கிரேக்கக் குரல், எபிரேயக் குரல் எல்லாம் ஒரே தாளில் அடுத்தடுத்து நின்றன. அதே இரண்டாம் பிரசுரத்தில்தான் போலந்தில் 3 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை வெளிப்படையாக எழுதினார்கள். ஆக, படிப்பு ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம் என்று அவர்கள் பிரித்துவைக்கவில்லை.

இன்னொரு சிறு செய்தி என் வாதத்துக்கு முக்கியம். படித்தபின் இதை நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று பிரசுரத்தின் முடிவில் கேட்டுக்கொண்டார்கள். கை மாறினால்தான் அந்த எழுத்துக்கு உயிர். ஆறாவது பிரசுரம் அப்படியே கை மாறி நாட்டைத் தாண்டி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 1943-இல் பிரிட்டிஷ் விமானங்கள் அதை ஜெர்மனியின்மீது தூவின. நாடு கடந்து வாழ்ந்த நாவலாசிரியர் தாமஸ் மன், அந்த ஆண்டு ஜூனில் பி.பி.சி. வானொலியில் இந்த மாணவர்களைப் போற்றிப் பேசினார்.

தடைசெய்யப்பட்ட பாட்டு

இந்த மாணவர்களுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு பின்னாளில் நினைவுவிழா நடத்தியவர்கள் ஒட்டவைத்ததில்லை. மூத்த சகோதரி இங்கே ஷோல் 1952-இல் ‘வெள்ளை ரோஜா’ என்ற சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் சொல்லும் ஒரு சம்பவம்: ஹான்ஸும் தொடக்கத்தில் ஹிட்லர் இளைஞர் படையில் ஆர்வத்தோடு சேர்ந்தவர்தான். கிதார் வாசித்துக்கொண்டு தன் குழுவில் இருந்த சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். படையின் பாட்டுகளோடு ரஷ்யப் பாட்டு, நார்வேப் பாட்டு என்று அயல்நாட்டு நாட்டுப்பாடல்களும் பாடுவார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: அதெல்லாம் கூடாது. அந்த இளைஞனுக்கு முதல் கசப்பு அங்கேதான் ஏற்பட்டது. பெரிய தத்துவம் எதுவும் இல்லைங்க. ‘ஒரு பாட்டு நல்லா இருக்கு, அதைப் பாடினா என்ன தப்பு?’ என்ற சாதாரணக் கேள்விதான்.

போர்க்காலத்தில் மருத்துவப் பணிக்காக ரஷ்ய முனைக்கு அனுப்பப்பட்ட ஹான்ஸ், போர்க்கைதிகளையும் சில ரஷ்யப் பெண்களையும் சேர்த்து ஒரு பாட்டுக்குழு அமைத்ததாக அங்கிருந்து கடிதம் எழுதினார். எந்த மக்களை மனிதரிலும் கீழானவர் என்று அரசு சொல்லிக்கொடுத்ததோ, அதே மக்களோடு சேர்ந்து பாடியிருக்கிறார். வில்லி கிராஃப் ம்யூனிக்கில் பாக் இசை பாடும் குழுவில் பாடியவர். பிரசுர வேலைக்கு ஆள் திரட்ட ஓடிக்கொண்டிருந்த நாட்களிலும் அவருடைய நாட்குறிப்பில் அந்தப் பாட்டுப் பயிற்சி இடம்பெறுகிறது. சோஃபி கைதாவதற்கு முந்தைய நாள் தோழிக்கு எழுதிய கடிதத்தின் விஷயமே, ஷூபர்ட்டின் ஒரு குவின்டெட்டை இசைத்தட்டில் கேட்ட மகிழ்ச்சிதான்.

இங்கே ஷோலின் நூல் இல்லாவிட்டால் உலகம் இவர்களை அறிந்திருக்காது. ஆனாலும் விமரிசனம் என்று வந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நூலில் தம்பியும் தங்கையும் நடுவே நிற்கிறார்கள், மற்ற நண்பர்கள் சற்றே நிழலில். ஒரு குடும்பத்தின் துக்கம் அப்படித்தான் எழுதும், குறை சொல்ல முடியாது. 1984-இல் ஹான்ஸ், சோஃபி இருவரின் கடிதங்களும் குறிப்புகளும் வெளிவந்தபோதும், 1988-இல் வில்லி கிராஃபின் கடிதங்களும் நாட்குறிப்பும் வந்தபோதும்தான் படம் முழுமையானது. அந்தக் கடிதங்களில் சந்தேகம் இருக்கிறது, சோர்வு இருக்கிறது, காதல் குழப்பம் இருக்கிறது. சிலையிலிருந்து இறங்கி மனுஷங்களாக வருகிறார்கள். என் கேள்விக்கு இது தேவையான செய்தி. கூட்டத்தோடு சேர்ந்து பாடுவதன் போதை அவர்களுக்கு நேரடியாகவே தெரியும். அதை அனுபவித்துவிட்டு வெளியே வந்தவர்கள் அவர்கள். வேறொரு விதமாகச் சேர்ந்து பாடவும் கற்றவர்கள்.

பேராசிரியரும் இசையமைப்பாளரும்

ஆறாவது பிரசுரத்தை எழுதிய குர்ட் ஹூபர் தத்துவமும் உளவியலும் கற்பித்தவர். அடிப்படையில் இசையியல் அறிஞர். பவேரிய நாட்டுப்பாடல்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர். அவருடைய நண்பர் கார்ல் ஓர்ஃப். 1937-இல் அரங்கேறிய ‘கார்மினா புரானா’வின் ஆசிரியர். பெயர் தெரியாவிட்டாலும் அதன் முதல் சேர்ந்திசையை நம்மில் பலர் சினிமாவிலோ விளம்பரத்திலோ கேட்டிருப்போம். நூற்றுக்கணக்கான தொண்டைகள் ஒரே தாளத்தில், ஒரே அடியாக இடிக்கும் இசை அது.

ஹூபர் கைதானபின், செல்வாக்குள்ள நண்பர் ஏதாவது செய்வார் என்று அவருடைய மனைவி நம்பினார். ஓர்ஃப் தன் கதி என்னாகுமோ என்றுதான் பதறினார் என்பது அந்த அம்மையார் பின்னால் சொன்னது. போர் முடிந்தபின் ஓர்ஃப் ‘டீ பெர்னாவரின்’ என்ற தன் மேடைப் படைப்பை ஹூபரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். 1947-இல் அது ஸ்டுட்கார்ட்டில் அரங்கேறியது. சூனியக்காரி என்று பழிசுமத்தப்பட்டு 1435-இல் டான்யூப் நதியில் மூழ்கடிக்கப்பட்ட ஆக்னஸ் பெர்னாவர் என்ற சாமானியப் பெண்ணின் கதை அது. அதே ஆண்டு வெளியான ஹூபர் நினைவு நூலில், இறந்துபோன நண்பருக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுதி மன்னிப்பும் கேட்டார்.

இதை எப்படி மதிப்பிடுவது? பயந்துபோன ஒரு கலைஞரை எழுபது எண்பது ஆண்டு கழித்துப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு தூற்றுவது சுலபம். அதை நான் செய்யப்போவதில்லை. படைப்பை மட்டும் பார்ப்போம். அதில் சூனியக்காரிகளின் பேச்சுச் சேர்ந்திசை பயங்கரமாக இருக்கிறது. வெறிகொண்ட கூட்டம் எப்படி ஒலிக்கும் என்று ஓர்ஃபுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கொல்லப்பட்டவரின் குரலை அந்த இசையில் தேடினால் எனக்குக் கிடைப்பதில்லை. ஹூபரின் பெயர் காணிக்கைப் பக்கத்தில் நிற்கிறது, அரங்கில் உட்கார்ந்து கேட்பவர் காதுக்கு எட்டுவதில்லை. மன்னிப்புக் கடிதம் சொன்னதை மேடை சொல்லவில்லை. கூட்டத்தின் வெறியைக் காட்டுவதில் வல்லமை வேண்டும்தான். நினைவுகூர்வதற்கு அது மட்டும் போதாது என்பது என் தீர்ப்பு.

பின்னால் வந்தவர்கள் சேர்ந்திசையையே தவிர்த்தார்கள். ஹான்ஸ் வெர்னர் ஹென்ட்சே 1965-இல் வெள்ளை ரோஜாவின் நினைவாக எழுதியது 12 வாத்தியங்களுக்கான படைப்பு, குரலே கிடையாது. ஊடோ ட்சிம்மர்மன் 1986-இல் ஹாம்பர்கில் அரங்கேற்றிய ‘வெள்ளை ரோஜா’ ஓபராவில் ஹான்ஸ், சோஃபி என்று இரண்டே பாடகர்கள். கூட்டம் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்ததுபோல் தெரிகிறது. நியாயமான முடிவுதான். ஆனால் அதுதான் ஒரே வழியா?

கடிதத்தைப் பாடுவது

வேறு வழி காட்டியவர் வெனிஸ் நகரத்து லூயிஜி நோனோ. வெள்ளை ரோஜா மாணவர்களின் வரிகள் அவர் படைப்பில் இல்லை. அவர்களைப் போலவே ஐரோப்பாவின் பல நாடுகளில் பாசிசத்தை எதிர்த்து மரண தண்டனை பெற்றவர்கள் வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதங்கள் இருக்கின்றன. அந்தக் கடிதங்கள் 1954-இல் இத்தாலிய மொழியில் ஒரு தொகுப்பாக வந்தன. முன்னுரை எழுதியவர், மாணவர்களை வானொலியில் போற்றிய அதே தாமஸ் மன். அதிலிருந்து சில வரிகளைத் தேர்ந்தெடுத்து, தனிக்குரல்களுக்கும் சேர்ந்திசைக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக நோனோ ‘இல் கான்டோ சோஸ்பேசோ’ என்ற ஒன்பது பகுதிப் படைப்பை எழுதினார். இடையில் நின்றுபோன பாட்டு, அந்தரத்தில் தொங்கும் பாட்டு என்று இரண்டு விதமாகவும் தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். 1956 அக்டோபர் 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரத்திலேயே அரங்கேறியது.

நம் இசை மரபில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படும். நம்ம ஊர் பஜனையில் ஐம்பது பேர் பாடினாலும் ராகம் ஒன்று, வரி ஒன்று. மேல்நாட்டுச் சேர்ந்திசையில் பெண்குரலில் மேல், கீழ், ஆண்குரலில் மேல், கீழ் என்று வரிசைகள் பிரிந்து, ஒரே நேரத்தில் வெவ்வேறு ஸ்வரங்களைப் பாடும். எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர்களை வைத்து பாரதி பாடல்களைச் சேர்ந்திசையாக்கியபோது இந்த முறையைத்தான் தமிழுக்குப் பழக்கினார். நோனோ இன்னும் ஒருபடி மேலே போனார். இரண்டாம் பகுதியில் 26 வயது பல்கேரிய ஆசிரியர் ஆன்டன் போபோவின் கடித வரிகளை எட்டுப் பிரிவான சேர்ந்திசை வாத்தியத் துணையின்றிப் பாடுகிறது. ஒரு சொல்லின் முதல் அசையை ஒரு பிரிவு பாடும், அடுத்த அசையை இன்னொரு பிரிவு எடுத்துக்கொள்ளும். மூன்றாம் பகுதியில் 14 வயது கிரேக்க மாணவன் ஒருவன் உட்பட மூன்று கிரேக்க இளைஞர்களின் கடிதங்களை மூன்று தனிக்குரல்கள் ஒரே சமயத்தில் பாடுகின்றன.

முதல் தடவை கேட்டபோது ‘ஒண்ணும் புரியலையே’ என்றுதான் எனக்கும் தோன்றியது. எனக்கு மட்டுமா? இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1957-இல் ஆற்றிய உரையில் இதையே குறையாகச் சொன்னார். சொற்கள் விளங்காதபடி பொருளை மறைத்துவிட்டார் நோனோ, அப்படியானால் இந்தக் கடிதங்களை எடுப்பானேன் என்பது அவர் கேள்வியின் சாரம். நோனோ 1960-இல் பதில் சொன்னார். சொல்லை உடைத்துப் பல குரல்களுக்குப் பங்கிடுவது பழைய ஐரோப்பியச் சேர்ந்திசையிலேயே உண்டு, பொருளை இசை அழிக்கவில்லை, அதைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஸ்டாக்ஹவுசனின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சாகப்போகும் ஒருவன் தன் தாய்க்கு எழுதிய கடிதம் அது. அதைக் கேட்பவனுக்கு விளங்காமல் செய்தால் அவனை இரண்டாம் தடவை வாயடைத்ததாக ஆகாதா? ஆனால் சேர்ந்திசையின் உள்ளே போய் யோசித்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. அந்த எட்டுப் பிரிவில் ஒருவர் தன் அசையை விட்டுவிட்டால் சொல் அறுந்துபோகும். எல்லாரும் ஒரே வரியைக் கத்தும் கூட்டத்தில் ஒருவன் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒவ்வொருவரும் அடுத்தவர் விட்ட இடத்தில் பிடிக்கிறார்கள். எனக்கு இது அந்தத் துண்டுப் பிரசுரங்களின் கடைசிக் கோரிக்கையை நினைவுபடுத்துகிறது. படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடு. கைக்குக் கை போன தாளைப் போலவே வாய்க்கு வாய் போகிறது இந்தச் சொல்.

ஆகையால் என் முதல் கேள்விக்கு என்னுடைய விடை இது: பொருத்தம்தான், ஆனால் எல்லாச் சேர்ந்திசையும் அல்ல. ஒருவரின் சொல்லைப் பலர் பங்கிட்டுச் சுமக்கும் சேர்ந்திசை பொருந்தும். ஒருவரின் சொல்லைப் பலருடைய சத்தத்தில் மூழ்கடிக்கும் சேர்ந்திசை, எவ்வளவு உணர்ச்சியோடு பாடினாலும், எதிர்த்தவர்களைத் திரும்பவும் கூட்டத்துக்குள் தள்ளுகிறது.

இதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. கடிதம் முதலில் காதில் விழவேண்டும். கிளாடியோ அப்பாடோ பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவை வைத்து 1992-இல் இந்தப் படைப்பைப் பதிவுசெய்தபோது, புரூனோ கான்ஸ், சுசான லோதார் என்ற இரு நடிகர்களைக் கொண்டு கடிதங்களைச் சாதாரணப் பேச்சுக் குரலில் வாசிக்கவைத்தார். நோனோ எழுதாத சேர்க்கை என்று ஆட்சேபிப்பவர்கள் ஆட்சேபிக்கட்டும். ஸ்டாக்ஹவுசனின் கேள்விக்கு இதைவிட நல்ல நடைமுறைப் பதில் எனக்குத் தெரியவில்லை. கடிதத்தைக் கேட்டபின் சேர்ந்திசையைக் கேட்டால், சிதறிய அசைகளை நம் மனசே கோத்துக்கொள்கிறது. கேட்பவரும் ஒரு கை கொடுக்கவேண்டியிருக்கிறது. கடைசிப் பகுதி முடியும்போது குழுவினர் வாயை மூடிக்கொண்டு ரீங்கரிக்கிறார்கள். சொல் நின்றுவிட்டது, மூச்சு நிற்கவில்லை.

ஷ்மோரெலைப் பற்றி ஒரு சொல். ரஷ்யத் தாய்க்குப் பிறந்த அவரை 2012-இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை ம்யூனிக்கில் புனிதராக அறிவித்தது. அந்தச் சபையின் வழிபாட்டில் வாத்தியம் கிடையாது, மனிதக் குரல்களின் சேர்ந்திசை மட்டும்தான். அவர் பெயர் அங்கே இன்று பாட்டோடு ஒலிக்கிறது. அவர் எழுதிய பிரசுரங்களையும் சேர்த்துப் படிக்கும்வரை அதில் எனக்கு மனக்குறை இல்லை. பல்கலைக்கழக வாசலில் அந்தப் பிரசுரங்களின் நகல்களைத் தரைக்கல்லோடு கல்லாகப் பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால்தான் படிக்க முடியும்.

நம் சங்கங்களிலும் தியாகிகள் நாள், மொழி நாள், தலைவர்கள் நினைவு நாள் என்று பல கொண்டாடுகிறோம். பாட்டுக்குழு தயாராக இருக்கும், ஒலிபெருக்கி தயாராக இருக்கும், பாட்டு முடிந்ததும் கைதட்டலும் தயார். யாரை நினைக்கிறோமோ அவர் எழுதிய ஒரு பக்கத்தை, அவர் சொன்ன ஒரு பேச்சை, பாடுவதற்கு முன்னால் ஒருவர் எழுந்து நிதானமாக வாசித்தால் என்ன? ஐந்து நிமிஷம் ஆகும். அதற்கப்புறம் பாடுகிற பாட்டில் அந்த மனிதரும் கொஞ்சம் இருப்பார். அடுத்த ஆண்டுவிழாக் குழுவினர் இதைப் பரிசீலிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.